குண்டுமணித் தங்கமும் ஒரு டப்பா ஈயமும்

என் மேசையில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. மெட்டல் டிடெக்டரை வைத்துத் தங்கம் தேடியதில் ஏழு மாத அறுவடை. துருப்பிடித்த சதுர ஆணிகள், பூட்ஸின் அடியில் அடிக்கும் குட்டி ஆணிகள், சைஸ் சைஸாக ஈயக் குண்டுகள், பாதி குதிரை லாடம், நசுங்கிப்போன தோட்டா ஒன்று, சுருட்டி எறிந்த அலுமினியத் தாள், டின்னைத் திறக்கும் வளையங்கள். எடை போட்டுப் பார்த்தேன், 2 கிலோ 300 கிராம். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். (உருண்டைக் குப்பியில் தண்ணீருக்குள் போட்டால் எதுவும் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இந்தத் தில்லுமுல்லை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோரும் செய்கிறார்கள், யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) குப்பிக்குள் இருப்பது ஐந்து துண்டு தங்கம், எல்லாம் சேர்த்து 1.7 கிராம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் குப்பியை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒரே கேள்விதான்: "தங்கம் இருந்தா அந்த மெஷின் காட்டிக் கொடுத்துடுமா?"

கொடுக்காது. தங்கம் என்றால் என்னவென்றே அந்த மெஷினுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், தனக்குக் கீழே எதிலாவது மின்சாரம் ஓடுகிறதா என்பது. டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தை விட்டால் சுற்றிலும் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்துக்குள் ஏதாவது உலோகம் மாட்டினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தைக் கிளப்பும், தட்டுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் அதைப் பிடித்துக் காதுக்குச் சத்தமாக அனுப்பும். அவ்வளவுதான் அடிப்படை. ஆணியா, ஈயமா, தங்கமா என்பதெல்லாம் அதற்கு மேல் நாமாகக் கட்டும் ஊகம்.

இந்த ஊகம் எவ்வளவு தப்பாகப் போகும் என்பதற்கு 1881-லேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை அந்த வருஷம் ஜூலை 2-ஆம் தேதி சுட்டார்கள். உடம்புக்குள் போன குண்டு எங்கே நிற்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே சுருள் தத்துவத்தில் ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். வெளியே வைத்துச் சோதித்தபோதெல்லாம் நன்றாக வேலை செய்த கருவி அதிபரின் உடம்பின் மேல் மட்டும் குழப்பமாகச் சத்தம் போட்டது. பிறகுதான் தெரிந்தது, படுக்கைக்கு அடியில் இரும்புக் கம்பிகள். போதாக்குறைக்குத் தலைமை டாக்டர், குண்டு வலது பக்கம்தான் இருக்கும் என்று அடம்பிடித்து அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்ததோ இடது பக்கம். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார். கருவி பொய் சொல்லவில்லை, கீழே இரும்பு இருக்கிறது என்று உண்மையைத்தான் சொன்னது. கேட்டவர்கள் கேட்ட கேள்வி வேறு.

என் முதல் நாளும் இப்படித்தான். ஆள் சாகவில்லை, மானம் மட்டும் போனது. இரண்டாம் கையாக ஒரு மெஷின் வாங்கி, வீடியோ எல்லாம் பார்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய் நின்றால் வலப்பக்கம் வீசும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது. அந்த இடத்தைத் தோண்டினேன், ஒன்றும் இல்லை. ஒரு அடி தள்ளி வீசினேன், மறுபடி கத்தல், மறுபடி குழி. ஒரு மணி நேரத்தில் பதினோரு குழி. இந்த வேலையில் இருபது வருஷம் ஊறிய ஒரு அண்ணன் மர நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் எழுந்து வந்து, "தம்பி, கால்ல என்ன போட்டிருக்கே?" என்றார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முனையில் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ் போட்டிருந்தேன். தட்டு வலது காலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் என் பூட்ஸையே நான் கண்டுபிடித்துக்கொண்டு இருந்தேன்.

எந்த இடம் என்று கேட்காதீர்கள். பழைய தங்கவயல், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் கையால் தோண்டிய இடம், அனுமதி வாங்கித்தான் போகிறேன், அதோடு சரி. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவோம், இடத்தைச் சொல்ல மாட்டோம்.

சரி, மெஷினுக்கு வருவோம். பொதுவாக இரண்டு வகை. முதல் வகை விஎல்எஃப், அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண். இடைவிடாமல் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதே நேரத்தில் கேட்டுக்கொண்டும் இருக்கும். அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் நடுவில் எவ்வளவு பின்தங்கல் இருக்கிறது என்று பார்த்து, கீழே இருப்பது இரும்பா, நல்ல கடத்தியா என்று ஒரு எண்ணைத் திரையில் காட்டும். வெள்ளி நாணயம் என்றால் பெரிய எண், இரும்பு என்றால் அடிமட்டம். கடற்கரையில் நாணயம் தேடுகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். தங்கம் தேடுகிறவனுக்குப் பாதி உதவி, பாதி உபத்திரவம்.

காரணம் என்னவென்றால், தங்கம் அருமையான கடத்திதான், ஆனால் திரையில் வரும் எண் உலோகத்தை மட்டும் பொறுத்தது இல்லை, அதன் அளவையும் வடிவத்தையும் பொறுத்தது. தவிர மண்ணில் கிடைக்கும் தங்கம் கடைத் தங்கம் மாதிரி இல்லை, அதில் பெரும்பாலும் வெள்ளி கலந்திருக்கும், கலப்பு வந்தாலே கடத்தும் திறன் சரசரவென்று இறங்கிவிடும். அரிசி அளவுத் துண்டு ஒன்று அலுமினியத் தாளின் துணுக்கு காட்டும் அதே எண்ணைக் காட்டும். கொஞ்சம் பெரிய துண்டு, டின் வளையம் காட்டும் எண்ணைக் காட்டும். வெங்கச்சங்கல்லுக்குள் (குவார்ட்ஸ்) நரம்பு நரம்பாக ஓடும் தங்கம் என்றால், கையில் எடுத்தால் கனக்கும், மெஷினில் பல நேரம் முனகல்கூட வராது. ஆகவே குப்பை வேண்டாம் என்று டிஸ்கிரிமினேஷனைப் போட்டுச் சில எண்களை அடைத்தால் தங்கத்தையும் சேர்த்து அடைத்ததாக ஆகிவிடும். ஈயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு ஒன்று சின்னத் தங்கத் துண்டு போலவே கூப்பிடும், அதே இனிமை, அதே நளினம். என் டப்பாவில் மட்டும் நூற்றுப் பதினான்கு ஈயக் குண்டுகள் இருக்கின்றன, நூற்றுப் பதினான்கு தடவையும் நெஞ்சு ஒரு முறை துள்ளியது.

அதிர்வெண் கூடக் கூடச் சின்னத் துணுக்குகள் கேட்கும். எல்லா வேலைக்குமான மெஷின்கள் 5, 10, 18 கிலோஹெர்ட்ஸ் என்று ஓடும்போது, தங்கத்துக்கென்றே செய்தவை மேலே போகும். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்ட் பக் 2 ஏறக்குறைய 71. குண்டூசித் தலை அளவில் இருப்பதைக்கூட இவை கேட்டுவிடும், ஆனால் தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஃபிஷர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜெர்மனியில் பிறந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர், விமானங்களுக்கு ரேடியோ மூலம் திசை காட்டும் கருவியில் வேலை செய்துகொண்டிருந்தார். சில இடங்களில் மட்டும் திசை பிசகியது. ஏன் என்று துருவியபோது, உலோகமும் தாது நிறைந்த பாறையும் அலையைக் குழப்புவது புரிந்தது. அந்தக் கோளாறையே தலைகீழாகத் திருப்பி டிடெக்டராக்கி, 1937-ல் காப்புரிமை வாங்கினார். அதாவது ஃபிஷரின் கருவி பிறந்ததே பாறை போட்ட இரைச்சலிலிருந்துதான். அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தொழில்நுட்பம் முழுக்க அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டுவதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. தங்கத்தைக் கேட்பது அத்தனை கஷ்டமான காரியம் இல்லை. மண்ணின் வாயை அடைப்பதுதான் கஷ்டம்.

ஏனென்றால் தங்கம் கிடைக்கும் மண்ணுக்கும் இரும்புத் தாதுவுக்கும் நெருங்கிய சிநேகம். சிவப்பு மண், கறுப்பு மணல், துருப்பிடித்த சரளை. அந்த மண்ணிலிருந்து வரும் பதில் சத்தத்துக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டின் பதில் திருவிழாக் கூட்டத்தில் கொசு பாடுகிற மாதிரி. அதனால் தேட ஆரம்பிப்பதற்கு முன் தட்டைத் தரையை நோக்கி மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து முறை பம்ப் அடிப்பது போல் ஆட்ட வேண்டும். கிரவுண்ட் பேலன்ஸ் என்பார்கள். இந்த மண்ணின் சத்தம் இது, இதைக் கழித்துவிடு என்று மெஷினுக்குச் சொல்வது. பத்தடி தள்ளிப் போனால் மண் மாறும், மறுபடி ஆட்ட வேண்டும். அதையும் மீறி சுற்றியிருக்கும் மண்ணோடு சேராத தனிக் கல் ஒன்று வந்து நடுவில் கத்தும். ஹாட் ராக் என்பது இதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கல். அதை அப்படியே தள்ளிப் போட்டால் திரும்பி வரும்போது மறுபடி ஏமாறுவேன் என்பதால், இப்போதெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வந்துவிடுகிறேன். வீட்டில் அதற்கு வேறு திட்டு.

இரண்டாவது வகை பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பிஐ. விஎல்எஃப் பேசிக்கொண்டே கேட்கிறது என்றால், இது கிணற்றுக்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருக்கும் ஆள். சுருளில் மின்சாரத்தை விட்டு, சட்டென்று வெட்டி, சுமார் பத்து மைக்ரோ செகண்ட் பொறுத்து, அப்புறம் காதைத் திறக்கும். ஒரு செகண்டுக்குள் இதையே நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான தடவைகூடச் செய்யும். வெட்டிய கணத்திலேயே காந்தக் கல்லின் பதில் பெரும்பாலும் அடங்கிவிடும், உலோகத்துக்குள் சுழலும் மின்னோட்டம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த இழுப்பைத்தான் இது பிடிக்கிறது. ஆஸ்திரேலியாவின் இரும்பு மண்ணில் பழைய மெஷின்கள் திணறிக்கொண்டிருந்தபோது, 1995-ல் மைன்லேப் எஸ்டி 2000 வந்தது. எல்லோரும் தோண்டித் தீர்த்துவிட்டார்கள் என்று கைவிட்ட இடங்களில் மறுபடி தங்கம் வந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

அந்த அண்ணன் வைத்திருப்பது பிஐ. ஒரு நாள் முழுக்க எனக்குக் கடன் கொடுத்தார். என் மெஷின் சன்னதம் வந்த மாதிரி கத்தும் மேட்டில் அது சாதுவாக ஒரே ரீங்காரத்தில் போனது. அன்றைக்கு முழங்கால் ஆழத்தில் ஒரு சிக்னல். நாற்பது நிமிஷம் பிக்காசு போட்டு வியர்வை சொட்டச் சொட்டத் தோண்டினேன். கிடைத்தது ஒரு மண்வெட்டியின் உடைந்த மூலை. பிஐயின் குறை அதுதான், இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் அது ரொம்ப மோசம், ஆழத்தில் கேட்டது என்றால் தோண்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு குறை, மிகச் சின்னத் துணுக்கின் மின்னோட்டம் அது காதைத் திறப்பதற்குள் செத்துப்போகும். அதனால்தான் பலர் இரண்டு மெஷின் வைத்திருக்கிறார்கள். என்னிடம் இன்னும் ஒன்றுதான், ஆசைக்கும் சேமிப்புக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஆழத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தட்டின் அகலத்தை நன்றாகத் தாண்டிய பிறகு, சின்னப் பொருள் ஒன்றிடம் போய்ச் சேரும் காந்தப்புலம், தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். அது திருப்பி அனுப்புவதும் அதே மாதிரி எட்டில் ஒன்று. எட்டும் எட்டும் பெருக்கினால் அறுபத்து நான்கு. அதாவது அந்த ஆழத்தில் இருக்கும் துண்டை இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தள்ளினால் சத்தம் ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்கு. இது இயற்கை போட்ட கணக்கு, எந்தக் கம்பெனியாலும் இதில் தள்ளுபடி வாங்க முடியாது. சின்னத் துண்டுக்கு விரற்கடை அளவு, பெரிய கட்டிக்கு ஓரிரு அடி, ராட்சதக் கட்டி என்றால் அதற்கும் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் உலகம்.

இது தெரிந்தால், முப்பது மீட்டர் ஆழத்தில், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டுகிறேன் என்று கைப்பிடியில் ஆன்டெனா வைத்து விற்கிறார்களே, அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. இதே மாதிரி ஆடும் கம்பி வைத்த ஏடிஈ 651 என்ற ஒன்றை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி இராக்குக்கு விற்றார்கள். கோல்ஃப் பந்து தேட என்று விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்த சரக்கு அது. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி ஆட்கள் நின்றார்கள். விற்ற ஆளுக்கு 2013-ல் பிரிட்டனில் பத்து வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. உள்ளே உலோகத்தைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட் எதுவும் கிடையாது. கம்பி ஆடுவது பிடித்திருப்பவர் கை ஆடுவதால். தங்கம் தேடும் ஆன்டெனாவும் அதே ஜாதிதான், யாராவது வாங்கப் போனால் கையைப் பிடித்து இழுங்கள்.

முதல் தங்கம் எனக்கு நாலாவது மாதம் வந்தது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பு, பழைய ஆட்கள் தோண்டிப் போட்ட மண்மேட்டின் அடிவாரத்தில் தட்டைத் தரையை உரசுகிற மாதிரி வைத்து மெதுவாக வீசிக்கொண்டிருந்தேன். ரீங்காரம் ஒரு இடத்தில் லேசாகப் பிசிறியது. சத்தம் என்று சொல்ல முடியாது, பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி. குறுக்காகத் திரும்பி நின்று வீசினேன், அப்போதும் பிசிறியது. காலால் மேல் மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டித் தள்ளினேன். குப்பை என்றால் பெரும்பாலும் இந்தச் சுரண்டலிலேயே இடம் மாறிவிடும், இது மாறவில்லை, கொஞ்சம் தெளிவானது. பிக்காசின் நுனியால் ஒரு கொத்து. குழி மௌனமாகிவிட்டது, வெளியே வந்த மண் பேசியது.

அதற்கப்புறம் இருக்கிறதே ஒரு சடங்கு. ஒரு பிடி மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளித் தட்டின் மேல் ஆட்டிப் பார்க்க வேண்டும். (உலோகக் கரண்டி என்றால் அதுவே கத்தும். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிட வேண்டியதுதான்.) சத்தம் வந்தால் பாதியைக் கொட்டிவிட்டு மீதியை ஆட்டுவது. வரவில்லை என்றால் கொட்டியதை அள்ளுவது. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் கரண்டியில் ஒரு சிட்டிகைச் செம்மண்ணும் நாலைந்து சரளையும். உள்ளங்கையில் கொட்டி ஊதினேன். ஈயம் என்றால் சாம்பல் பூத்து மங்கலாக இருக்கும், இது மண் ஒட்டியும் மஞ்சளாக இருந்தது. எச்சிலைத் தொட்டுத் துடைத்தேன். நெல்லைவிடச் சின்னது, ஒரு ஓரம் மழுங்கி, மறு ஓரத்தில் வெங்கச்சங்கல்லின் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டு. 0.4 கிராம். குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்று பேச்சுக்குச் சொல்வோமே, இது ஏறக்குறைய மூன்று குண்டுமணி எடை.

அண்ணனிடம் ஓடிப் போய்க் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, "எங்கே எடுத்தே?" என்று இடத்தைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "மேட்டுல ஏன் தேடுறே, தண்ணி வந்த வழியைப் பாரு" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அவர் மெஷினைவிட அவர் கண்தான் அதிகம் தேடுகிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, வெங்கச்சங்கல்லுடையது 2.65. ஏழு மடங்குக்கு மேல் கனம். மழை வெள்ளம் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போகும்போது வேகம் எங்கே தளர்கிறதோ அங்கே தங்கம் முதலில் இறங்கிவிடும்: வளைவின் உள்பக்கம், பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் வெடிப்புக்குள். ஒரு இடத்தில் ஒன்று கிடைத்தால் பக்கத்தில் கூட்டாளி இருக்க வாய்ப்பு உண்டு. குப்பியில் இருக்கும் மற்ற நாலில் மூன்று, அந்த முதல் துண்டுக்கு எட்டு மீட்டருக்குள் வந்தவை. ஒரு இழையைக் கட்டிவைத்து, அதற்கு இணையாகத் தட்டின் அகலத்துக்கு அகலம் நகர்ந்து ஒரு விரல்கூட விடாமல் வீசினேன், மூன்று வார இறுதிகள் போயின.

பெரிய கதைகள் இல்லாமல் இல்லை. 1980-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் பக்கம் டிடெக்டர் வைத்துத் தேடிய ஒருவருக்கு 27 கிலோ கட்டி கிடைத்தது. ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் என்று பெயர், லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதே மாநிலத்தில் மொலியாகல் என்ற இடத்தில் 1869-ல் எந்த மெஷினும் இல்லாமல் இரண்டு பேருக்குக் கிடைத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர், உருக்கிச் சுத்தம் செய்த பிறகே 70 கிலோவுக்கு மேல். தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்ததாம். அவ்வளவு பெரிய கட்டியை நிறுக்கத் தராசு இல்லாமல் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தார்கள்.

எனக்குப் பிடித்த கதை வேறு. 2015-ல் விக்டோரியாவின் மேரிபரோ பக்கத்தில் ஒருவர் டிடெக்டரோடு போய், மஞ்சள் களிமண்ணுக்குள் கிடந்த ஒரு சிவப்புக் கல்லை எடுத்தார். 17 கிலோ. இந்தக் கனத்துக்கு உள்ளே தங்கம்தான் என்று வீட்டுக்குக் கொண்டுபோய் ரம்பம், டிரில், ஆசிட், சம்மட்டி என்று எல்லாம் போட்டுப் பார்த்தார். விரிசல்கூட விழவில்லை. சில வருஷம் கழித்து மெல்போர்னில் அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், அது விண்கல். வயது சுமார் 460 கோடி ஆண்டு. மெஷின் அங்கேயும் சரியாகத்தான் கத்தியிருக்கிறது, கல்லுக்குள் அத்தனை இரும்பு. ஒரு ஹாட் ராக்கை இனிமேல் யோசிக்காமல் எறியக் கூடாது என்று அதைப் படித்த அன்று முடிவு செய்தேன், என் பையில் இருக்கும் கற்களை எல்லாம் எடுத்து உரசிப் பார்த்தேன், எல்லாம் வெறும் சரளை.

சட்டம் பற்றி இரண்டு வரி. நிலம் யாருடையதாக இருந்தாலும் அடியில் இருக்கும் தங்கம் பல நாடுகளில் அரசுடையது, பழைய பொருள் கிடைத்தால் அதற்கு வேறு சட்டம். விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்று ஒரு அனுமதிச் சீட்டு, ஒரு தடவை வாங்கினால் பத்து வருஷம் செல்லும், கைக்கருவி மட்டும்தான், தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். எல்லா இடத்திலும் இப்படி எளிதாக இல்லை, கேட்காமல் இறங்காதீர்கள். குழியை மூடாமல் போகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பதிவு எழுதும் அளவுக்குக் கோபம் இருக்கிறது, இன்னொரு நாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்ன தண்ணீர் வந்த வழியிலேயே கீழே இறங்கிப் போனேன். வேர்கள் பின்னிய ஒரு வெடிப்பில் நல்ல சிக்னல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் சத்தம். வெடிப்புக்குள் கை போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஸ்க்ரூடிரைவரே கத்துகிறது, எது என் கருவி எது உள்ளே இருப்பது என்று தெரியவில்லை. மூங்கில் குச்சி ஒன்றைச் சீவிச் சுரண்டிக்கொண்டே இருந்தேன், இருட்டிவிட்டது. அது ஈயம் என்று நினைக்கிறேன். அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு வந்திருக்கிறேன், நீளமான பிளாஸ்டிக் கரண்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.